வெர்னா காரின் வாயை அடைத்த கதை

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணச் சரளைச் சாலைகளில் ஆயுசு முழுக்கப் பள்ளிப் பேருந்து ஓட்டிய வெர்னாவுக்கு இரைச்சல் புதிதல்ல. ஆனால் கணவர் ஓரெஸ்ட் காது மெஷின் மாட்டத் தொடங்கியதும் அதே இரைச்சல் அவளுக்கு எதிரியாகிவிட்டது. காரில் ஏறினால் காதுக்குள் ஜல்லி கொட்டுகிறது என்று அவர் மெஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். வீட்டிலிருந்தால் வயலும் கொட்டகையும் அவரை விடாது. மனம்விட்டுப் பேச வாய்த்தது சாஸ்கட்டூன் நகரத்துக்குக் காரில் போகும் அந்த இரண்டு மணி நேரம்தான். அதுவும் போனதில் வெர்னாவுக்கு அழுகையே வந்தது.

அக்கம்பக்கத்தார் வேறு கார் வாங்கச் சொன்னார்கள். மைனஸ் நாற்பது டிகிரிக் குளிரிலும் சாவியின் ஒரே திருப்பில் கிளம்புகிற காரை எந்தப் பைத்தியம் விற்கும்? இருக்கிற காரின் இரைச்சலையே அடக்குவதென்று வெர்னா இருக்கைகளைக் கழற்றினாள். கொட்டகையில் கிடந்த, கூரை ஒழுகலுக்கு ஒட்டும் தார்ப்பட்டையைத் தரை முழுக்க ஒட்டினாள். மேலே வெள்ளித்தாள் மினுங்கியது. கடையில் விற்கும் சத்தத்தடுப்புத் தாள் போலவே இருந்தது. ஜூலை வெயிலில் குட்டு வெளிப்பட்டது. தார் உருகிக் கம்பளத்தில் ஏறி, கார் நாறித் தொலைத்தது.

பக்கத்துப் பண்ணை லைல் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தான். "ஏன் வெர்னா, ரோடு வெளியே பத்தலைன்னு உள்ளேயும் போட்டுட்டியா?"

சுரண்டினால் தார் பிசின்போலக் கையில் அப்பிக்கொண்டது. வெர்னா பல்லைக் கடித்துக்கொண்டு ஜனவரி வரை காத்திருந்தாள். உறைபனியில் காரின் கதவுகளை இரவு முழுக்கத் திறந்துவைத்தாள். காலையில் சுத்தியலால் தட்ட, தார் கமர்கட்டு போல உடைந்து விழுந்தது. அன்றைக்கு அவள் விசிலடித்ததை லைலின் நாய்கூடக் கேட்டிருக்கும்.

இம்முறை சரியான ரப்பர் தாளையே வாங்கினாள். குளிரில் அது ஒட்டாது என்பதால் கொட்டகையில் ஹீட்டரைப் போட்டு, பெரோகி கொழுக்கட்டைக்கு மாவு தேய்க்கும் கட்டையால் அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். தரை, கதவுகள், கல் வந்து அடிக்கும் சக்கர வளைவுகள் என எதையும் விடவில்லை. தகர டப்பாவாக ஒலித்த இடமெல்லாம் தட்டினால் 'தொப்'பென்றது. அதன்மேல் நுரைமெத்தையும் புதுக் கம்பளமும் விரித்தாள்.

பனி உருகியதும் ஓரெஸ்டை மெஷினோடு ஏற்றினாள். அவர் கை சட்டைப்பை அருகிலேயே தயாராக இருந்தது. கார் சரளையில் இறங்கியது. குளத்தில் வாத்துகள் திரும்பிவிட்டதைக் கண்ட வெர்னா, பழக்கதோஷத்தில் தொண்டை கிழிய அதைச் சொன்னாள்.

ஓரெஸ்ட் முகத்தைச் சுளித்தார். "எதுக்கும்மா இப்படிக் கத்துற? பக்கத்துலதானே உக்காந்திருக்கேன்."

வெர்னா காரை ஓரங்கட்டி, ஸ்டியரிங்கைக் குத்திக் குத்திச் சிரித்தாள். பிறகு சாஸ்கட்டூன் வரை இருவர் வாயும் ஓயவில்லை.