மார்வா மாற்றிய பம்பு

மார்வா டிங்கல் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஈரி நகரத்தில் எங்கள் தெருவில் என் வீட்டுக்கு நேர் எதிர் வீடு. ஐம்பத்தொரு வயது. லெஸ்டரிடமிருந்து விவாகரத்து வாங்கி ஒன்பது வருடமாகிறது. ஆனால் அவன் இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருக்கிறான். வாரத்துக்கு மூன்று முறையாவது ஏதோ ஒரு சாக்கில் அவள் வாசலில் வந்து நிற்பான்.

அவள் காரில் கை வைக்கக் கற்றுக்கொண்டதே கோபத்தில்தான். விவாகரத்தான வருடம் ஒரு பட்டறையில் அவளிடம், "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க, அவர்கிட்ட விளக்கிச் சொல்றேன்" என்றார்கள். அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாள். அதன்பிறகு பேட்டரி, ஸ்டார்ட்டர், முன்சக்கர பேரிங் எல்லாம் அவள் கைதான். வீடியோ பார்ப்பாள், நிறுத்துவாள், காகிதத்தில் எழுதிக்கொள்வாள், பிறகுதான் ஸ்பேனரை எடுப்பாள்.

ஏப்ரலில் அவளுடைய நீல நிறக் கார் பச்சைத் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. வாட்டர் பம்ப் போய்விட்டது. அந்த எஞ்சினில் பம்பைச் சுற்றுவது டைமிங் பெல்ட், அதாவது மேலும் கீழும் உள்ள பல்சக்கரங்களை, அவற்றின் குறிகள் பிசகாமல், ஒரே கணக்கில் ஓட்டும் பல் வைத்த பெல்ட். அதைக் கழற்றாமல் பம்பைத் தொட முடியாது. சனிக்கிழமை காலையில் தொடங்கினாள். ஞாயிறு மதியம் புதுப் பம்பு உட்கார்ந்துவிட்டது, பெல்ட்டும் மாட்டியாகிவிட்டது. அப்போது மழை பிடித்தது. கூடவே லெஸ்டரும் குடையோடு வந்து சேர்ந்தான்.

"இன்னும் முடியலையா? நானா இருந்தா நேத்தே முடிச்சிருப்பேன்."

"நீயா? ஒன்பது வருஷமா உன் கொட்டாய்க் கதவுக்குக் கீல் மாட்டலை, நீ பம்பு மாத்தப் போறியா?"

"சும்மா கேட்டேன் மார்வா. இந்த போல்ட் எதுக்கு மிச்சம் இருக்கு?"

"அது மிச்சம் இல்ல, கடைசியா போடறது. வாயை மூடிட்டு நில்லு."

மழை வலுத்தது. அவள் பெல்ட்டின் மேல் மூடியைப் போட்டு இறுக்கி, கூலண்ட் என்கிற அந்தப் பச்சைத் தண்ணீரை ஊற்றி, சாவியைத் திருப்பினாள். எஞ்சின் உயிர் பெற்றது. ஆனால் குளிரில் நனைந்த நாய் மாதிரி நடுங்கியது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் இருமியது. தெரு முனை வரை ஓட்டிப் பார்த்தாள். இழுவையே இல்லை. டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரிந்தது.

லெஸ்டர் குடைக்குள்ளிருந்து, "தண்ணி மட்டும் சொட்டிட்டிருந்துச்சு. இப்ப வண்டியே போச்சு" என்றான்.

மறுநாளிலிருந்து அவள் பட்ட அவமானம் எனக்குத் தெரியும். காலை ஐந்து மணிக்குள் பள்ளிப் பேருந்துகள் நிற்கிற பணிமனையில் இருக்க வேண்டும். எனக்குக் கார் கிடையாது. வேறு வழியில்லாமல் லெஸ்டரின் வண்டியில்தான் போனாள். போகிற வழியெல்லாம் அவன் வைத்தியம் சொன்னான்.

திங்கட்கிழமை, "உள்ளே காத்து அடைச்சிருக்கும்" என்றான். அவளும் முன்பக்கம் உயர்ந்திருக்கும்படி வண்டியை நிறுத்தி, ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து, குமிழி நிற்கும் வரை ஓடவிட்டாள். சூடு சரியாகத்தான் இருந்தது. நடுக்கம் நிற்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஸ்கேனரைச் செருகினாள். எந்த சிலிண்டரும் ஒழுங்காக எரியவில்லை என்றது அது. லெஸ்டர், "பிளக்கு. கண்ணை மூடிட்டுச் சொல்வேன்" என்றான். நாலு ஸ்பார்க் பிளக்கையும் மாற்றினாள். கழற்றிய பழைய பிளக்குகள் நல்லபடியாகத்தான் இருந்தன. நடுக்கம் அப்படியே இருந்தது. புதன்கிழமை அவன் பெட்ரோல் மேல் பழி போட்டான். வியாழக்கிழமை காற்றுக் குழாய்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள், ஒயர்களைப் பிடுங்கித் திரும்பச் செருகினாள். வெள்ளிக்கிழமை மாலை ஸ்பேனரைப் புல்வெளியில் வீசியெறிந்துவிட்டு என் வீட்டுப் படியில் வந்து உட்கார்ந்தாள். உள்ளங்கையெல்லாம் சிராய்ப்பு.

"ஓபல், நான் இதைத் தொடாமலே இருந்திருக்கணும். பட்டறைக்கே போயிருந்தா என்ன கெட்டுப்போச்சு? வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வான்னு சொல்வான், அவ்வளவுதானே. சொல்லிட்டுப் போகட்டுமே."

நான் எஞ்சின் தெரிந்தவள் இல்லை. தெரியாததால்தான் கேட்டேன்: "பம்பு மாத்தறதுக்கு முன்னாடி நடுங்குச்சா?"

"இல்ல. தண்ணிதான் சொட்டும். மத்தபடி நல்லா ஓடுச்சு."

"பிளக்கு, பெட்ரோலு இதையெல்லாம் அன்னிக்கு நீ தொட்டியா?"

அவள் திரும்பித் தன் காரைப் பார்த்தாள். பிறகு எழுந்து, குட்நைட் கூடச் சொல்லாமல் போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை அவள் காகிதத்தில் தான் கழற்றியவற்றை மட்டும் வரிசையாக எழுதியிருந்தாள். சக்கரம், எஞ்சின் தாங்கி, பெல்ட், பம்பு. "பெல்ட்டை நான் சந்தேகப்படவே இல்ல. குறியை எல்லாம் சரியா வெச்சேன், போட்டோ கூட எடுத்திருக்கேன்" என்று போனைக் காட்டினாள். படத்தில் மேல் பல்சக்கரத்தின் கோடும் எஞ்சினில் இருந்த கோடும் நேராகத்தான் தெரிந்தன. ஆனால் படம் மேலேயிருந்து குனிந்து எடுத்தது; அந்தக் கோணத்தில் கொஞ்சம் பிசகியிருந்தாலும் நேராகத்தான் தெரியும்.

மேல் மூடியைக் கழற்றினாள். கீழ்ப் பல்சக்கரத்தை ஸ்பேனரால் மெல்லச் சுற்றி அதன் குறியை நேராக நிறுத்தினாள். என்னை டார்ச் பிடிக்கச் சொல்லிவிட்டுத் தரையில் முழங்கால் போட்டு, கண்ணை மேல் பல்சக்கரத்துக்கு நேர்மட்டத்தில் வைத்துப் பார்த்தாள்.

ஒரு பல் தள்ளியிருந்தது. ஒரே ஒரு பல்.

நான் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பெல்ட்டை மாட்டினதும் கையால ரெண்டு சுத்து சுத்திட்டு, குறியை மறுபடி பார்க்கணும். எழுதி வெச்சிருக்கேன் ஓபல், என் கையெழுத்துலயே எழுதி வெச்சிருக்கேன். ரெண்டு நிமிஷ வேலை. மழை பெய்யுது, அந்த ஆளு குடையைப் பிடிச்சுக்கிட்டு முடிஞ்சுதா முடிஞ்சுதான்னு நிக்கறான். அவன் வாயை அடைக்கணும்னு மூடியைப் போட்டுட்டேன்."

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. அழுகை என்றுகூடச் சொல்ல முடியாது, முழுக்க ஆத்திரம்.

மறுபடி சக்கரம், மறுபடி எஞ்சின் தாங்கி, எல்லாவற்றையும் கழற்றினாள். மூன்றரை மணி நேரம் ஆனது. நடுவில் பன்றிக்கறி சாண்ட்விச் கொண்டுபோய்க் கொடுத்தேன், அழுக்குக் கையோடு நின்றபடியே தின்றாள். பெல்ட்டை ஒரு பல் நகர்த்தி மாட்டி, இரண்டு சுற்று சுற்றினாள். குறியைப் பார்த்தாள். நம்பாமல் மறுபடி இரண்டு சுற்று. என்னையும் குனிந்து பார்க்க வைத்தாள். பிறகுதான் மூடினாள்.

சாவியைத் திருப்பினதும் எஞ்சின் ஓடுகிறதா என்றே சந்தேகம் வருகிற அளவுக்கு அமைதி. நான் கை தட்டினேன். அவள் தட்டவில்லை. "ஒரு வாரம்" என்றாள். "ஒரு வாரம் அவன் பக்கத்துல உட்கார்ந்து போனேன்."

மறுநாள் தீயணைப்பு நிலையத்தில் நிதி திரட்டுவதற்கான பான்கேக் விருந்து. எங்கள் பகுதி மொத்தமும் அங்கேதான் இருந்தது, பெல்ட் கதையும் அதற்குள் எல்லார் காதுக்கும் எட்டியிருந்தது. நாங்கள் தட்டோடு உள்ளே நுழையும்போது லெஸ்டர் ஒரு மேசை முழுக்க ஆட்களை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தான்.

"முதல் நாளே சொன்னேன், பெல்ட்டைப் பாருன்னு. கேட்டாத்தானே!"

மார்வா தட்டை மேசை மேல் வைத்தாள். "காத்துன்னு சொன்னே. பிளக்குன்னு சொன்னே. பெட்ரோலுன்னு சொன்னே. பெல்ட்டுன்னு எப்பய்யா சொன்னே?"

"மனசுல இருந்துச்சு மார்வா."

மேசையே சிரித்தது. அவன்தான் எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரித்தான். மார்வாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பான்கேக்கை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, மீதியை என் தட்டில் தள்ளிவிட்டு வெளியே நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன்.

"அடுத்த மாசம் பிரேக் மாத்தணும்" என்றாள், கார்க் கதவைத் திறந்தபடி. "நானேதான் மாத்தப்போறேன். அன்னிக்கு அந்த ஆளு குடையோட வந்தா, நீ எதிர்ல வந்து அவனை உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடு. காப்பி குடு, கேக் குடு, என்னத்தையாவது குடு. நான் கூப்பிடற வரைக்கும் வெளிய விடாதே."

சரி என்றேன்.