சிடி வேஷம் போட்ட மோடம்

சென்ற ஆண்டு சிங்கப்பூர் புக்கிட் மேராவில் உள்ள எங்கள் வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். திருச்சியில் இருக்கும் மாப்பிள்ளையின் அத்தையும் வீடியோ காலில் என்னைப் பார்த்தாக வேண்டுமாம். என் கைப்பேசியை நீட்டினேன். "சின்ன ஸ்கிரீன்ல கலர் சரியாத் தெரியாதும்மா" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

அன்று பார்த்து வீட்டு இணையம் படுத்துவிட்டது. மாப்பிள்ளை என் மேசையில் கிடந்த, சிம் கார்டு போட்ட யுஎஸ்பி மோடத்தை எடுத்து என் மடிக்கணினியில் செருகினார். அதில் ஓடுவது விண்டோஸ் அல்ல, லினக்ஸ். மோடத்தை அது சிடி டிரைவ் என்றே காட்டியது. இந்த வகை மோடம் விண்டோஸுக்கான மென்பொருளை உள்ளே வைத்துக்கொண்டு முதலில் சிடி வேஷம்தான் போடும். சிடியை வெளியே தள்ளும் 'எஜெக்ட்' கொடுத்தால் மோடமாகிவிடும். சொல்ல வாயெடுத்தேன்.

"நான் ஐடி லா, நீங்க உட்காருங்க" என்றார்.

தேநீர் ஆறும்வரை என்னென்னவோ தட்டினார். கடைசியில், "மோடம் செத்துப்போச்சு. உங்களுக்கெல்லாம் லினக்ஸ் எதுக்கு?" என்றார்.

நான் எழுந்து போய் எஜெக்டை அழுத்தினேன். மோடத்தில் நீல விளக்கு எரிந்தது. சற்று நேரத்தில் அத்தை திரையில் வந்து, என்னை ஏற இறங்கப் பார்த்து, "பொண்ணு கறுப்பால்ல இருக்கு" என்றார். கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது. இணைப்பு அவ்வளவு தெளிவு.

அந்த இடம் அமையவில்லை. இப்போதெல்லாம் வேறு மாப்பிள்ளை வீட்டார் வருமுன் இணையத்தை நானே அணைத்துவிட்டு, மடிக்கணினியையும் மோடத்தையும் மேசையில் வைத்துவிடுகிறேன். என்னைக் கேட்டால் வழி சொல்வேன். வந்தவர்களில் ஒருவரும் இதுவரை கேட்கவில்லை.