இறங்க ஒரு நிலம்

விமானம் ஓட்டும் தேர்வில் நான் ஒருமுறை தோற்றவன். நடுவானில் தேர்வாளர் எஞ்சின் வேகத்தைச் சட்டென்று குறைத்துவிட்டு, "எஞ்சின் போச்சு. எங்க இறக்குவ?" என்றார். நான் கைகாட்டிய வயலுக்குக் குறுக்கே மின்கம்பி ஓடியது. பத்து நாளில் மறுதேர்வு. அதிலும் கோட்டை விட்டால் பேசாமல் துணிக்கடையில் வந்து உட்கார் என்று அப்பா சொல்லிவிட்டார்.

சொந்த ஊரான திருவண்ணாமலைக்கு வந்தவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேங்கிக்கால் பக்கம் வயல் வயலாகச் சுற்றினேன். எந்த நிலத்தைப் பார்த்தாலும் சந்தேகம். கம்பி எங்கே, காற்று எந்தப் பக்கம், நீளம் போதுமா? கடைசியில் வேர்க்கடலை (எங்கள் ஊரில் மல்லாட்டை) பிடுங்கிய ஒரு நிலம் பிடித்துப்போனது. மூன்று நாள் வரப்பில் நடந்து, தப்படி எண்ணி நோட்டில் எழுதினேன்.

மூன்றாம் நாள் நிலத்துக்காரர் சைக்கிளை மறித்தார்.

"எந்த ஆபீஸுங்க நீங்க?"

கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் வந்ததிலிருந்து, நோட்டோடு வருகிறவன் எல்லாம் அவருக்கு நிலத்தைப் பிடுங்க வருகிறவன்தான். நான் உண்மையைச் சொன்னேன்.

"மல்லாட்ட கொல்லையில ப்ளேன எறக்கப் போறீங்களா? புரோக்கருங்க இதவிட நல்லா கத கட்டுவாங்க தம்பி."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "கம்பி இல்ல, நீளம் ஜாஸ்தி. தாராளமா எறக்கலாம்" என்று நோட்டை நீட்டினேன்.

அவர் அதைப் பார்க்கவே இல்லை. நிலத்தின் நடுவில் இருந்த எருக்கம்புதருக்குக் கூட்டிப்போய், கழியால் செடியை விலக்கினார். உள்ளே சுற்றுச்சுவர் இல்லாத பாழுங்கிணறு. ஒரு கல்லை எடுத்துப் போட்டார். சத்தம் வர நேரமானது.

"இத எழுதலியா?"

மூன்று நாளும் ஓரத்திலேயே நடந்திருக்கிறேன்.

மறுதேர்வில் அதே கேள்வி. கீழே அகலமாய் ஒரு வெற்று நிலம், நடுவில் கொஞ்சம் பச்சை. அதை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்த சின்னதைக் காட்டினேன்.

"பெரிசு இருக்கே?"

"நடுவுல பொதர் இருக்கு சார். கெணறா இருக்கலாம்."

தேர்வாளர் எட்டிப் பார்த்தார். எஞ்சின் வேகத்தைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு தாளில் தேர்ச்சி என்று எழுதினார்.

ஊருக்கு வந்ததும் அரைக் கிலோ ஸ்வீட் வாங்கிக்கொண்டு நேராக அந்த நிலத்துக்காரரிடம் போனேன். ஒன்றை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வாயில் போட்டார்.

"அப்புறம் எதுலயும் கையெழுத்து கேக்க மாட்டீங்களே?"

கேட்க மாட்டேன் என்றேன். அவர் நம்பவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.