டீயோடு போட்ட மாத்திரை

என் மனைவிக்குச் சத்து மாத்திரையை மூன்று மாதம் என் கையால்தான் கொடுத்தேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை. தவறியிருந்தால்கூட மனது இவ்வளவு அடித்துக்கொள்ளாது.

வேலம்பாளையத்தில் ஒரே பனியன் கம்பெனியில் இருவரும் வேலை செய்கிறோம். நான் பேக்கிங், அவள் செக்கிங். தைத்து வருகிற பனியனை மேஜையில் விரித்து, ஓட்டை இருக்கிறதா, கறை இருக்கிறதா என்று நாள் முழுக்க நின்றபடியே பார்க்க வேண்டும். போன வருடம் அந்த மேஜையடியிலேயே இரண்டு முறை மயங்கி விழுந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையில் கட்டி என்றார்கள். மாதாமாதம் பத்து நாளுக்கு மேல் ரத்தம் போவது அதனால்தான், எடுத்துவிட வேண்டும் என்றார்கள். ஆனால் உடம்பில் ரத்தம் ஏழு பாயின்ட்தான் இருந்தது. பத்துக்கு வந்தால்தான் ஆபரேஷன் என்று மாத்திரை கொடுத்து, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்கள்.

எப்போது போடுவது, எதோடு போடுவது என்று நான் கேட்கவில்லை. ஐந்தாவது வரை படித்தவன். வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே எனக்கு வாய் கட்டிப்போகும். பின்னால் நிற்கிறவர்கள் வேறு தள்ளினார்கள்.

வெறும் வயிற்றில் போட்டால் அவளுக்குக் குமட்டியது. காலையில் போட்டுவிட்டு பஸ்ஸில் நின்று வந்தவள் ஒரு நாள் கம்பெனி வாசலிலேயே வாந்தி எடுத்தாள். மதியம் போடலாம் என்றால் சாப்பாட்டு அவசரத்தில் மறந்துவிடுவாள். கம்பெனியில் யாரும் மறக்காத நேரம் பதினொரு மணி டீதான். எல்லா மிஷினும் ஒன்றாக நிற்கும். நான் என் டம்ளரையும் அவள் டம்ளரையும் வாங்கிக்கொண்டு செக்கிங் பக்கம் போவேன். ஒரு பன், ஒரு மாத்திரை, சூடாக டீ. மாத்திரை தொண்டையில் நிற்கக்கூடாது என்று முழு டம்ளரையும் குடிக்க வைப்பேன்.

பக்கத்து மேஜைப் பெண்கள் விடமாட்டார்கள். "ஏனுங்கண்ணா, மாத்திரை மட்டுந்தானுங்களா? பன்னையும் பிச்சு ஊட்டி உட்டுட்டுப் போங்க" என்பார்கள். அவள் தலையைக் குனிந்துகொள்வாள். எனக்கும் கூச்சம்தான். ஆனாலும் அந்தப் பத்து நிமிடத்துக்காகக் காலையிலிருந்தே காத்திருப்பேன்.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது ரத்தம் ஆறரையாக இறங்கியிருந்தது.

"மாத்திரையைக் குப்பையில போட்டீங்களாம்மா?" என்றார் டாக்டர்.

"இல்லீங்க சார். ஒண்ணு உடாம முழுங்குனனுங்க."

அவர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அவள் சொல்வது நிஜம், நான்தான் கொடுத்தேன் என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாத்திரை கொடுக்கிற இடத்தில் இருந்த நர்ஸ்தான் கேட்டாள். "எதோடக்கா போடறீங்க?"

"டீயோடங்க."

"டீயோடயா! அட ஏனுங்கக்கா..." நர்ஸ் கையிலிருந்த அட்டையைக் கீழே வைத்துவிட்டாள். "டீ அந்த இரும்புச்சத்தை புடிச்சு வெச்சுக்குமுங்க. உடம்புக்குச் சேர உடாது. முழுங்குனதுல பாதிக்கு மேல சும்மாதான் வெளிய போயிருக்கும். டீக்கு முன்னால ஒரு மணி நேரம், பின்னால ஒரு மணி நேரம் மாத்திரையே கூடாது. கொய்யாப்பழம், நெல்லிக்காய், எலுமிச்சைத் தண்ணி, இதுல ஒண்ணு கூட சாப்பிட்டீங்கன்னா நல்லா ஏறும். ராகி, கீரை திங்கறப்பக்கூட ஒரு பழம் சேத்துக்கோணும். யாருங்கக்கா உங்களுக்கு டீயோட போடச் சொன்னது?"

"நானேதானுங்க" என்றாள் என் மனைவி. என் பக்கம் திரும்பவே இல்லை.

இனி மதியச் சாப்பாட்டோடு மாத்திரையும் கொய்யாவும் என்று முடிவு செய்தோம். ஆனால் எங்கள் கம்பெனிக்குள் பழம் கொண்டுபோகக் கூடாது. வாசலிலேயே டிபன் பையைத் திறந்து பார்ப்பார்கள். பழச்சாறு துணியில் பட்டால் அப்போது தெரியாது. இஸ்திரி போட்டு, மடித்து, பெட்டியில் அடைத்த பிறகு பழுப்பாக எழும். ஒரு பீஸில் இருந்தால் போதும், மொத்தச் சரக்கும் திரும்பி வரும். அப்படித் திரும்பி வந்த பெட்டிகளை நானே பிரித்து அடுக்கியிருக்கிறேன். அதனால் அந்தச் சட்டத்தைக் குறை சொல்லவும் எனக்கு வாய் இல்லை.

சூப்பர்வைசரிடம் கேட்க நான்கு நாள் ஆனது. அவர் என்னைவிட இளையவர், மரியாதையான ஆள். "ஏனுங்கண்ணா, அக்காவுக்கு உட்டா நாளைக்கு ஆளாளுக்குப் பழத்தோட வருவாங்க. நான் என்னன்னு பதில் சொல்றது? வேணும்னா கேட்டுக்கு வெளிய நின்னு சாப்பிடட்டுங்க. சோப்புப் போட்டுக் கை கழுவிட்டு உள்ள வரட்டும்" என்றார்.

அப்படியே செய்தாள். சோற்றை உள்ளே தின்றுவிட்டு, வெயிலில் கேட்டுக்கு வெளியே நின்று கொய்யாவைக் கடிப்பாள். மென்று முடிக்க நேரம் போதாது. பாதியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு ஓடிவருவாள். எதற்கு வம்பு என்று பதினொரு மணி டீயையும் விட்டுவிட்டாள். டீயில்தான் அவள் உடம்பே ஓடிக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. தலைவலி, கை நடுக்கம். செக்கிங்கில் இரண்டு ஓட்டையைக் கவனிக்காமல் விட்டுத் திட்டு வாங்கினாள்.

இரண்டு மாதத்தில் ரத்தம் எட்டு ஆனது. அன்று பஸ்ஸில் வரும்போது, ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கும் நாட்களில் யார் சமைப்பது என்று என்னிடம் கேட்டாள். நான் சமைப்பேன் என்றதற்கு வாய்விட்டுச் சிரித்தாள். அடுத்த மாதம் பதினேழு நாள் ரத்தம் நிற்கவே இல்லை. ஏறியதெல்லாம் போய் மறுபடி ஆறரை. பழத்தால் ஏறுவது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறும். போவது அப்படியா போகிறது?

"இனி மாத்திரையை நம்பிப் பயனில்லை. ரத்தம் ஏத்தித்தான் ஆபரேஷன். இருப்பு குறைவா இருக்கு, கொடுக்கறதுக்கு ரெண்டு பேரைக் கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டர்.

ஒரு ஆள் நான். இன்னொரு ஆளுக்காகப் பேக்கிங்கில் கூட வேலை செய்கிறவர் பக்கத்தில் மூன்று நாள் நின்றேன். பெட்டி ஒட்டுகிற டேப்பை எடுத்துக் கொடுத்தேன். கேட்கத்தான் வாய் வரவில்லை. முதலில் என் ரத்தத்தையாவது கொடுத்துவிடலாம் என்று அவளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

என் விரலில் குத்தி, நீலமாக இருந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டார்கள். ரத்தம் போதுமான அளவு இருந்தால் சொட்டு அடிக்குப் போகுமாம். என்னுடையது மேலேயே மிதந்தது. இன்னொரு சொட்டு விட்டார்கள். அதுவும் அப்படியே நின்றது.

"அண்ணா, உங்களுக்கே ரத்தம் பத்தலீங்க. உங்ககிட்ட எடுக்க முடியாது" என்றான் சொட்டு விட்டுப் பார்த்த பையன்.

வெளியே பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். என் கையைப் பார்த்தாள். விரலில் மட்டும்தான் பஞ்சு இருந்தது.

"எடுக்கலீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. சுவரைப் பிடித்து மெதுவாக எழுந்தாள்.

"சரி, வாங்க. இப்பப் போனா அரை ஷிப்டாச்சும் பாக்கலாம்."

அவளால் நடக்க முடியவில்லை. பஸ் ஸ்டாப் வரைக்கும் மூன்று இடத்தில் நின்று நின்று போனோம்.