மாரியூரில் பாதியில் நின்ற பாடம்

கடலோர ஊர்களுக்குப் பிரசவப் பயிற்சி கொடுக்கப் போகும் நர்ஸ் பெண்கள் சிலர், என் முதல் பயணத்தை எழுதச் சொல்லிக் கேட்டார்கள். பெருமையாகச் சொல்லிக்கொள்ள அதில் ஒன்றுமில்லை, பயந்து செத்த கதைதான். இருந்தாலும் எழுதுகிறேன்.

1962, மாசி மாதம். எனக்கு இருபத்து நான்கு வயது, ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாரியூரிலும் சுற்றுப்பட்டிலும் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சிகள் ஏழு பேருக்கு மூன்று நாள் பயிற்சி கொடுக்கும்படி உத்தரவு. பிரசவத்தில் ஆபத்து வந்தால் என்ன செய்வதென்று நான் கற்றுத்தர வேண்டும். டாக்டரம்மா பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேனே தவிர, தனியாக ஓர் ஆபத்தையும் நான் சமாளித்ததில்லை. இதை யாரிடமும் சொல்லவில்லை.

ராமநாதபுரத்தில் காலை ஆறரைக்குப் பஸ். கீழக்கரை, ஏர்வாடி வழியாகச் சாயல்குடிக்கு முப்பத்தைந்து மைல், டிக்கெட் ஒன்றேகால் ரூபாய். பத்து மணிக்கு இறங்கினேன். அங்கிருந்து மாரியூருக்கு ஆறு மைல், மாட்டு வண்டி. மணலில் சக்கரம் புதைந்து புதைந்து இரண்டரை மணி நேரம் ஆனது.

"அவசரம்னா ஆஸ்பத்திரிக்கு எப்படிங்க கொண்டுபோவீங்க?" என்று வண்டிக்காரரிடம் கேட்டேன்.

"இதே வண்டிதேன். போறதுக்குள்ள முடிஞ்சு போயிரும் தாயி" என்றார் அவர், மாட்டை ஓட்டிக்கொண்டே.

மறுநாள் பள்ளிக்கூடக் கொட்டகையில் வகுப்பு. நான் கொண்டுபோன துணிப் பொம்மையின் வயிற்றிலிருந்து குழந்தையும் நஞ்சுக்கொடியும் வெளியே வரும்படி தைத்திருந்தார்கள். மாரியூர் மருத்துவச்சி ராக்காயி, நஞ்சு விழும் முன்பே பொம்மையின் வயிற்றை அழுத்திப் பிசைந்தார். என்னைவிட இருபது வயது மூத்தவர். எல்லோர் முன்னாலும் அவர் கையைத் தட்டிவிட்டு, "வயித்துல கையே வைக்கக் கூடாது" என்று அதட்டினேன். என் நடுக்கத்தை மறைக்க அந்த அதட்டல் நன்றாக உதவியது. நஞ்சு விழுந்தபின் ரத்தம் நிற்காவிட்டால் வயிற்றைத் தேய்த்துக் கருப்பையை இறுக வைக்க வேண்டும் என்பது அடுத்த நாள் பாடம். பொம்மைக்கு ரத்தம் வராது, அதனால் அன்று எனக்கு அது நினைவுக்கே வரவில்லை.

இரண்டாம் நாள் காலை எட்டு மணி இருக்கும். ஒரு பெண் ஓடிவந்தாள். "எங்க நாத்துனா பாக்கியத்துக்குப் பிள்ள பிறந்துருச்சு. ரத்தம் நிக்கல. ராக்காயி உங்கள கூட்டியாரச் சொன்னா."

குடிசைக்குள் பாக்கியம் வெளிறிக் கிடந்தாள். பாய் நனைந்திருந்தது. நஞ்சு முழுதாக விழுந்துவிட்டது. ராக்காயி சோப்புப் போட்டுக் கழுவிய கைகளை, நான் சொல்லித்தந்தபடியே, எதிலும் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எப்பவும் பிசைஞ்சு விடுவேன்மா, நின்னுரும். நீங்கதேன் கையே வைக்கக் கூடாதுன்னீக." அழுதுகொண்டே சொன்னார்.

"பிசைங்க! இப்பப் பிசைங்க!" என்று கத்தினேன். அவர் தேய்க்கத் தேய்க்க, நான் பெட்டியிலிருந்த, ரத்தம் நிறுத்தும் ஊசியைப் போட்டேன். கருப்பை இறுகட்டும் என்று பிள்ளையைப் பால் குடிக்க மார்பில் போட்டோம். ராக்காயியின் கைக்கடியில் வயிறு மெல்ல இறுகியது. ரத்தம் குறைந்து, நின்றது. பாக்கியம் கண் திறந்து தண்ணீர் கேட்டாள்.

அப்போதுதான் மைமூன் நினைவு வந்தது. ஏழு பேரில் ஒருவர், மூன்று மைல் தள்ளியிருக்கும் ஊர்க்காரர். தன் ஊரில் ஒருத்திக்கு வலி கண்டுவிட்டதென்று முதல் நாள் மதியமே கிளம்பியிருந்தார். என் பாதிப் பாடத்தோடு போயிருக்கிறார்!

உச்சிப்பொழுது வரை பாக்கியத்தைப் பார்த்துவிட்டு, ராக்காயியைக் காவலுக்கு வைத்துவிட்டுக் கடலோரமாக நடந்தேன். ஒன்றேகால் மணி நேரம். ஊர் எல்லையில் நாலு பேர் கூடி நின்றதைப் பார்த்ததும் சாவு விழுந்துவிட்டதோ என்று ஓடினேன். வலை இழுக்க ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

மைமூன் வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முக்காட்டை இழுத்துவிட்டபடி எழுந்தார். முகத்தில் பயம்.

"தாய் எப்படி இருக்கா?" என்றேன்.

"அல்லா காப்பாத்துனான், ரெண்டு உசுரும் நல்லாருக்கு. ஆனா ஒரு தப்பு பண்ணிட்டேன்மா. ரத்தம் கூடுதலாப் போச்சா, நீங்க சொன்னத மறந்துட்டுப் பழைய பழக்கத்துல வயித்தப் பிசைஞ்சுட்டேன். பயிற்சிப் பட்டியல்ல எம் பேர வெட்டிராதீக."

மணலிலேயே உட்கார்ந்து அழுதேன். ஏன் என்று அவருக்குப் புரியவில்லை.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். குடிதண்ணீரைச் சாயல்குடியிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். ஊசி மருந்தில் வெயில் படவிடாதீர்கள். முதல் நாள் பொம்மையை மருத்துவச்சிகள் கையில் கொடுத்து, அவர்கள் செய்வதை வாய் திறக்காமல் பாருங்கள். ஒன்றைக் கூடாது என்றால், எப்போது செய்ய வேண்டும் என்பதையும் உடனே சொல்லிவிடுங்கள். பாதியைக் கேட்டுவிட்டு யாரையும் வீட்டுக்குப் போகவிடாதீர்கள்.

மூன்றாம் நாள் வகுப்பில் மிச்சப் பாடத்தை முடித்தேன். தப்பு என்னுடையது என்று மட்டும் சொல்ல வாய் வரவில்லை. ராக்காயியும் யாரிடமும் சொல்லவில்லை. பட்டணத்து நர்ஸ் வந்துதான் பாக்கியம் பிழைத்தாள் என்று ஊரெல்லாம் பேச்சு. கிளம்பும்போது பாக்கியத்தின் வீட்டார் ஓலைப்பெட்டி நிறையக் கருவாடு கொண்டுவந்து கையில் திணித்தார்கள். ராக்காயி பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாங்கிக்கொண்டு வண்டி ஏறினேன்.