முப்பத்தெட்டுல அணைஞ்ச திரை

என் பொண்டாட்டிகிட்ட என்ன வேலைன்னு கேட்டா, டைப் அடிக்கிறேன்னு சொல்லிட்டுப் போயிடுவா. அவ்வளவு அடக்கம்! காது கேக்காதவங்க பக்கத்துல உக்காந்து, கூட்டத்துல யாரு என்ன பேசினாலும் அடுத்த மூச்சுல திரையில எழுத்தாக் கொண்டுவந்துடுவா. பதினோரு வருஷமா இதுதான் பொழப்பு. அதுல எட்டு வருஷம் ஒரே லேப்டாப். கீபோர்டுல பாதி எழுத்து அழிஞ்சாச்சு. மாத்துன்னா, "கை பழகிடுச்சுங்க"ன்னு வாயை அடைச்சிடுவா.

போன மாசம் அது காலை வாரிடுச்சு. ஒரு தொழிற்சாலை விசாரணை. தகடு அமுக்குற பிரஸ் மெஷின்ல ரெண்டு விரலைப் பறிகொடுத்த தொழிலாளி, காது சுத்தமாக் கேக்காது. பேட்டரி முப்பத்தெட்டு சதவீதம்னு காட்டிக்கிட்டே பொசுக்குன்னு அணைஞ்சிருக்கு. சரியா அந்த நேரம் விசாரணை அதிகாரி, "மெஷினோட பாதுகாப்புக் கதவை நீங்களே கழட்டினீங்களா?"ன்னு கேட்டிருக்காரு. எல்லாரும் தன்னையே பாக்குறாங்களேன்னு, பாவம் அந்த மனுஷன் மரியாதைக்குத் தலையாட்டிட்டாரு. ஆமான்னு எழுதிட்டாங்க.

இவ விடல. அங்கயே எழுந்து நின்னு சண்டை போட்டு, அந்தக் கேள்வியை இன்னொரு தடவை கேக்குறதுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை நாள் வாங்கினா. ஒரே ஒரு தடவைதான். அன்னைக்கும் சொதப்பினா பழைய பதிலே நிக்கும்னு சொல்லிட்டாங்க.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டைத் தொடல. "தப்பு என்மேலதாங்க. அந்த நம்பரை நம்பித் தொலைச்சேன்"னா. ஒயர் இழுத்துக்கலாமேன்னு கேட்டேன். பிளக் பாயிண்ட் ஹாலோட மறுகோடியில இருக்காம், யாரோ தடுக்கி விழுந்ததுல இருந்து நடுவுல ஒயர் போகக்கூடாதாம். வேற லேப்டாப் இரவல் வாங்கலாம்னா, ரெண்டெழுத்து அடிச்சா முழு வார்த்தையா விரியற அவளோட சுருக்கெழுத்தெல்லாம் இதுக்குள்ளதான் இருக்காம்.

திங்கக்கிழமை ரிப்பேர் கடை அக்காகிட்ட போனோம். பின்மூடியைக் கழட்டிப் பார்த்தாங்க.

"நல்லவேளை, பேட்டரி உப்பல. ஆனா வயசாச்சு, புதுசு வர மூணு வாரம் ஆகும். வீட்ல எப்பவும் சார்ஜர்லயே போட்டிருப்பீங்களா?"

"எப்பவும்"னா இவ.

"அதான். உள்ளே சார்ஜ் அளவு பாக்குற சிப் பழைய கணக்கையே பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. முழுசா ஏத்துங்க. தானா அணையற வரைக்கும் ஓட விடுங்க. அப்புறம் நடுவுல பிடுங்காம மறுபடி முழுசா ஏத்துங்க. பேட்டரிக்கு இளமை திரும்பாது. நம்பர் கொஞ்சம் ஒழுங்காப் பேசும்."

செவ்வாய்க்கிழமை ஓட விட்டா. அவ குளிக்கப் போன நேரம், நாப்பத்தொரு சதவீதத்துல நிக்குது. நான் லிப்ட் மெக்கானிக். எதுவும் நடுவழியில நிக்கக்கூடாதுங்கிறது என் ரத்தத்துலயே ஊறினது. சட்டுன்னு சார்ஜரைச் சொருகிட்டேன்.

வந்து பார்த்தாளே ஒரு பார்வை! "சாகட்டும்னுதானேங்க விட்டு வச்சிருக்கேன்! உங்களை யாரு காப்பாத்தச் சொன்னது?" ஒரு நாள் பாழ்.

புதன்கிழமை மொத்தத்தையும் முதல்ல இருந்து செஞ்சா. நான் பிளக் பக்கமே போகல. வியாழக்கிழமை ரேடியோவைப் போட்டு, அதுல பேசறதையெல்லாம் டைப் அடிச்சுக்கிட்டே கடிகாரத்தைப் பார்த்தா. இந்தத் தடவை ஏழு சதவீதம் வரைக்கும் இறங்கித்தான் அணைஞ்சுது. அறுபத்திநாலு நிமிஷம்.

"இவ்வளவுதானா?"ன்னு எனக்கு மூஞ்சி தொங்கிடுச்சு.

"போதுங்க. எவ்வளவுன்னு தெரிஞ்சுபோச்சுல்ல?" ஒரு துண்டுக் காகிதத்துல நாப்பத்தஞ்சு நிமிஷம்னு எழுதி மூடி ஓரத்துல ஒட்டினா. அன்னைக்கு ரெண்டு வாய் கூடவே சாப்பிட்டா.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுட்டு நானும் போனேன். உக்காந்ததுமே இவ சொல்லிட்டா: "நாப்பத்தஞ்சு நிமிஷத்துல கையைத் தூக்குவேன் சார். அப்ப யாரும் பேசக்கூடாது. சார்ஜ் ஏத்திட்டுத்தான் மேற்கொண்டு."

அதிகாரி எதையெதையோ கேட்டு, கடைசியா அந்தக் கேள்விக்கு வாயெடுக்கறாரு, இவ கை மேல போகுது. அவர் திரையை எட்டிப் பார்த்தாரு. "முப்பத்தஞ்சு சதவீதம் இருக்கேம்மா. ஒரே கேள்விதானே?"

"இருக்குன்னு அது சொல்லுது சார். போன தடவையும் சொல்லுச்சு."

எனக்குக் கைதட்டணும்போல இருந்துச்சு. அதிகாரி பேனாவை மூடி வச்சாரு. அரைமணி நேரம் மறுகோடியில சார்ஜ் ஏத்திட்டு வந்து உக்காந்தா.

கேள்வி வந்துச்சு. திரையிலயும் வந்துச்சு. அந்தத் தொழிலாளி மெதுவா, ரெண்டு தடவை படிச்சாரு. அவர் குரல் அவருக்கே கேக்காதுல்ல, ஹாலே அதிர்ற மாதிரி சொன்னாரு: "இல்லை! நான் வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே அந்த மெஷின்ல கதவு கிடையாது!"

இவ அதையும் அடிச்சா. அவர் தான் சொன்னது திரையில சரியா வந்திருக்கான்னு குனிஞ்சு படிச்சாரு. அப்புறம்தான் தலையாட்டினாரு.