சாமிகளை விழுங்கிய புள்ளி

போன செவ்வாய்க்கிழமை காலை, விழுப்புரம் பக்கத்துச் சர்க்கரை ஆலையின் கரும்பு ஆபீசில் நின்றுகொண்டிருந்தேன். எனக்குக் கரும்பும் இல்லை, காணியும் இல்லை. திண்டிவனத்தில் எங்கள் தெருக்காரர் முனுசாமிதான் இழுத்துப் போனார். "நீ கூட வாண்ணே... ஏதோ கம்ப்யூட்டராம், பேஜாரா கீது."

ஓமந்தூர் அருகே அவருக்கு மூன்று ஏக்கர். போன தையில் நட்ட கரும்பு. திங்கட்கிழமை வெட்டு உத்தரவுச் சீட்டு வரும் என்று ஆலை ஆள் சொல்லியிருந்தார். வரவில்லை. பின்னால் நட்டவர்களுக்கு வந்துவிட்டது! உத்தரவு இல்லாமல் வெட்டினால் ஆலை எடுக்காது. வெட்டாமல் விட்டால் காய்ந்து எடை போய்விடும்.

வெட்டாட்களின் மேஸ்திரி ஆறுமுகமும் கூடவே வந்திருந்தார். "பன்னண்டு மணி பஸ்ஸு வரிக்கும் பாப்பேன். சீட்டு வரலன்னா ஆளுங்கள வானூர் பக்கம் இட்டுக்கினு போயிடுவேன். சும்மா குந்திக்கினு இருக்க முடியுமா?"

இந்த ஆட்கள் போனால் மறுபடி ஆள் கிடைக்க மாசி ஆகிவிடும்.

கம்ப்யூட்டர் ஆபரேட்டர் சேகர் தட்டிப் பார்த்தார். "உங்க பேரே இல்லீங்களே."

"இல்லியா? வருசா வருசம் கரும்பு போடறேன். நான் இன்னா செத்தா பூட்டேன்?"

"செத்தவன் பேரு கூட லிஸ்ட்ல இருக்கும்யா" என்றார் ஆறுமுகம்.

அதற்குள் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். குப்புசாமி, கந்தசாமி. அதே புகார். எனக்கு எங்கோ உறுத்தியது.

"தம்பி... காணாமல் போனது சாமிகள் மட்டும்தானா?"

சேகரின் கை நின்றது. 'சாமி' என்று தேடினார். ஒன்றுகூட இல்லை. நம் பக்கத்தில், சாமி இல்லாத ஒரு பட்டியல்!

நடந்தது இதுதான். ஒப்பந்தத்தை முடித்துக்கொண்ட ஓர் ஏழுமலையைச் சனிக்கிழமை மாலை சேகர் நீக்கியிருக்கிறார். பட்டியலில் ஏழுமலைகள் ஏராளம், இனிஷியல்தான் வேறு; இவருக்கு எஸ்.எம். அதனால், எஸ்.எம். என்று உள்ள வரியை எடுத்துவிடு என்று ஆங்கில எழுத்தில், புள்ளிகளோடு, கட்டளை கொடுத்துவிட்டார்.

அந்த மெஷினுக்குப் புள்ளி என்றால் புள்ளி இல்லையாம். ஏதாவது ஓர் எழுத்து என்று அர்த்தமாம். சாமியை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள் — எஸ், ஏ, எம், ஒய். முதல் புள்ளிக்கு ஏ, இரண்டாவதற்கு ஒய். கச்சிதம்!

"சீட்டாட்டத்துல ஜோக்கர் மாதிரிங்க" என்றார் சேகர். "எந்த எழுத்து எடத்துலயும் குந்திக்கும்."

"ஜோக்கரா? ஏன் தம்பி, அது என் பேர்லதான் வந்து குந்தணுமா?" என்றார் முனுசாமி.

நல்லவேளை, சனிக்கிழமை மதியம் எடுத்த நகல் ஃபிளாப்பியில் இருந்தது. அது கரகரவென்று சுழன்றது. ஒருவேளை மெஷின் அதைப் படிக்காவிட்டால்? ஆறுமுகம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.

பெயர்கள் வந்தன. "ஜல்தி குடு தம்பி!" என்றார் முனுசாமி.

"இருங்க. அந்த ஏழுமலைய எடுக்காம அடிச்சா அவருக்கும் சீட்டு போயிடும்."

இந்த முறை ஒவ்வொரு புள்ளிக்கு முன்னும் ஒரு சாய்ந்த கோடு; நீ வெறும் புள்ளிதான் என்று அதற்குச் சொல்ல. எல்லாவற்றுக்கும் முன்னால் சின்னக் கூரை போல ஒரு குறி. வரியின் தொடக்கத்தில் மட்டும் தேடு என்று. உடனே நீக்கவில்லை. முதலில் காட்டச் சொன்னார். ஒரே வரி. எஸ்.எம். ஏழுமலை. பிறகுதான் நீக்கினார்.

பிரிண்டர் கத்தியது. வாசலில் பஸ் ஹாரன். முனுசாமி சீட்டைக் கிழித்தெடுத்துக்கொண்டு ஓடினார்.

ஜன்னல் வழியே பார்த்தேன். ஆறுமுகத்தின் ஒரு கால் படிக்கட்டில். சீட்டை வாங்கினார், தூரத்தில் பிடித்துப் பார்த்தார்... காலைக் கீழே வைத்தார்.

அப்பா பெயரைப் புள்ளிக்குள் சுருக்கி முன்னால் வைத்துக்கொள்கிறவர்கள் நாம். அது அந்த மெஷினைச் செய்தவனுக்கு எப்படித் தெரியும்?

எந்த ஆபீசாக இருந்தாலும் சரி — 'நீக்கு' என்பதற்கு முன்னால் ஒரு தடவை 'காட்டு' என்று சொல்லிப் பாருங்கள். எத்தனை சாமிகள் பிழைப்பார்கள்!